முஷ்டியும் பிடியும்: கோதாவில் வென்றவர் யார்?

உடல்வலியைப் போற்றாத நாடு இல்லை. வலியுடையார் இருவரைக் கண்டால் அவருள் பெரியர் யார் என்று கேளாத நாவும் இல்லை. முஷ்டியால் குத்துபவன் வெல்வானா, கட்டிப் பிடித்து வீழ்த்துபவன் வெல்வானா என்னும் வினா வாலிபர் கூடும் இடங்களிலெல்லாம் எழுவதொன்று. இதற்கு விடை காணும் பொருட்டு மேனாட்டிலும் கீழ்நாட்டிலும் நெடுங்காலமாகப் பந்தயங்கள் பல நடந்திருக்கின்றன. அவற்றின் சரித்திரத்தில் பலரும் அறியாத செய்திகள் சிலவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் இவ்விதழில் எடுத்துரைக்க முன்வந்தோம்.

இது வேடிக்கைக்காக மட்டும் அன்று. அப்பந்தயங்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து நமக்கு உண்மையொன்று புலனாயிற்று. வீரர் இருவரும் கோதாவில் இறங்குமுன்னரே வெற்றியில் பாதி தீர்ந்துவிடுகிறது; நிபந்தனையை எழுதுபவர் எவரோ அவர் பக்கம் அது சாய்ந்துவிடுகிறது என்பதே அவ்வுண்மை. சங்கம் வைத்து விதிகள் வகுத்து நடத்தும் நம்மனோர்க்கு இது பெரிதும் கருதத்தக்கது.

பழைய முஷ்டியுத்தம்

குத்துச்சண்டை என்று வழங்கும் முஷ்டியுத்தம் கைமுட்டியால் குத்துவது ஒன்றையே உடையது என்று நாம் எண்ணுகிறோம். ஆதியில் அஃது அவ்வாறிருந்ததில்லை. ஆங்கில தேசத்து முதல் முஷ்டியுத்த வீரர் என்று பெயர்பெற்று 1734-ம் வருஷம் காலஞ்சென்ற ஜேம்ஸ் ஃபிக் என்பவர், லண்டன் பட்டணத்தில் தாம் நடத்திய பயிற்சிக்கூடத்தில் வாள், கழி, முஷ்டி ஆகிய மூன்றையுமே கற்பித்து வந்தார். அவருக்குப் பின் வந்த ஜாக் ப்ரௌட்டன் 1743-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ம் தேதி சில விதிகளை ஏற்படுத்தினார். விழுந்தவனை அடிக்கலாகாது, முழந்தாளிட்டவனையும் விழுந்தவனாகவே கொள்ளவேண்டும், இடுப்புக்குக் கீழே பிடிக்கலாகாது என்பன அவற்றுட் சில. இடுப்புக்குக் கீழே பிடிக்கலாகாது என்றமையால் இடுப்புக்கு மேலே பிடித்து எறிவதற்குத் தடையில்லை என்பது தானே பெறப்படும். ஆகவே, அக்காலத்து முஷ்டியுத்தம் பாதி மல்யுத்தமாகவே இருந்தது.

இவ்விரண்டையும் பிரித்து வைத்தவை 1867-ம் வருஷத்தில் வெளியான பன்னிரண்டு விதிகள். கையுறை அணியவேண்டும், சுற்று ஒன்றுக்கு 3 நிமிஷம், இடையில் 1 நிமிஷம் ஓய்வு, விழுந்தவன் 10 விநாடிக்குள் எழவேண்டும், கட்டிப் பிடித்தல் கூடாது என்று அவை விதித்தன. இவற்றை வரைந்தவர் ஜான் க்ரஹாம் சேம்பர்ஸ் என்பவர். ஆனால், ஆதரவளித்த குவீன்ஸ்பெரிப் பிரபுவின் பெயராலேயே இன்றளவும் அவை வழங்குகின்றன. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்பது எத்துறையிலும் உண்டு போலும்!

விதி மாறினும் பழக்கம் உடனே மாறவில்லை. 1889-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ம் தேதி அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்து ரிச்பர்க் என்னுமிடத்தில் ஜான் ஸல்லிவன் என்பார் ஜேக் கில்ரெயின் என்பாரோடு வெறுங்கையால் பொருது, 75 சுற்றுக்களுக்குப் பின் வென்றார். பெரும்பட்டத்துக்காக வெறுங்கையால் நடந்த கடைசிப் பந்தயம் இதுவே. அதற்கு ஸல்லிவனைப் பழக்கி ஆயத்தம் செய்தவர் வில்லியம் மல்டூன் என்னும் மல்யுத்த வீரர் என்பதைப் பலர் அறியார்.

எழுதாமல் விட்டதன் விளைவு

ஒரு விதி எழுதப்படாமையால் ஒரு பெருவீரர் வீழ்ந்த கதையை இனிக் கூறுவோம். டேனியல் மெண்டோஸா என்பவர் 1764-ம் வருஷம் லண்டனில் யூத குலத்திற் பிறந்தவர். உயரம் 5 அடி 7 அங்குலம். நிறை ஏறக்குறைய 160 ராத்தல். தம்மினும் பெரிய உடலினரோடு பொர நேர்ந்தமையால், ஒதுங்குதல், தடுத்தல், பக்கவாட்டில் நகர்தல் ஆகிய நுட்பங்களை அவர் வளர்த்தார். 1789-ல் அவற்றை ஒரு நூலாகவும் எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஹம்ஃப்ரீஸ் என்பவரிடம் 1788-ல் தோற்று, 1789-லும் 1790-லும் அவரையே வென்றார். யூதரைத் தெருவில் ஏளனம் செய்தலும் தாக்குதலும் சாதாரணமாயிருந்த காலம் அது. மெண்டோஸா புகழ்பெற்று, யூத வாலிபர் பலர் முஷ்டியுத்தம் பயின்ற பின்னர் அவ்வழக்கம் குறைந்ததென்று அக்காலத்து லண்டன்வாசி ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். ஒருவன் கற்ற வித்தை அவன் குலத்தார் அனைவரையும் தலைநிமிர்ந்து நடக்கச் செய்தது.

இத்தகையவர் 1795-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ம் தேதி ஹார்ன்சர்ச் என்னுமூரில் ஜான் ஜாக்ஸன் என்பவரை எதிர்த்தார். ஜாக்ஸன் அவரினும் ஏறக்குறைய 40 ராத்தல் நிறை மிக்கவர். ஆயினும் மெண்டோஸா வீழ்ந்தது நிறையால் மட்டும் அன்று. அவர் நீண்ட தலைமயிர் வைத்திருந்தார். ஜாக்ஸன் ஒரு கையால் அம்மயிரைப் பற்றிக்கொண்டு மறு கையால் குத்தினார். மெண்டோஸாவைச் சேர்ந்தோர் மத்தியஸ்தரிடம் முறையிட்டனர். மயிரைப் பிடிக்கலாகாது என்று விதியில் இல்லையே என்பது விடையாயிற்று. ஒன்பது சுற்றில், கால்மணிக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஜாக்ஸன் பின்னர் லண்டன் பாண்ட் வீதியில் பள்ளி வைத்துப் பிரபுக்களுக்கு முஷ்டியுத்தம் கற்பித்தார். பைரன் என்னும் கவியும் அவரிடம் பயின்றவரே. மெண்டோஸாவோ கடன்பட்டு வறுமையில் 1836-ல் காலஞ்சென்றார். எழுதாத ஒரு வரி ஒருவரை உயர்த்தி மற்றொருவரைத் தாழ்த்திற்று.

காலும் கையும்

முஷ்டியோடு வேறு வித்தை எதிர்ப்பட்ட பந்தயங்களில் 1899-ம் வருஷம் அக்டோபர் மாதம் பாரிஸ் நகரில் நடந்தது குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சு தேசத்தில் ஸவாத் என்று ஒரு வித்தையுண்டு. அதில் கையோடு காலையும் வீசி உதைக்கலாம். அவ்வித்தையில் வல்லவரான சார்ல் சார்ல்மோன் என்பவரும், ஆங்கில முஷ்டியுத்த வீரர் ஜெர்ரி ட்ரிஸ்கால் என்பவரும் அன்று எதிர்நின்றனர். எட்டாம் சுற்றில் சார்ல்மோனின் உதை பட்டு ட்ரிஸ்கால் வீழ்ந்தார். உதை வயிற்றில் பட்டது, ஆகவே வெற்றி எமதே என்றனர் பிரெஞ்சுக்காரர். அடிவயிற்றுக்கும் கீழே மர்மத்தானத்தில் பட்டது, ஆகவே அது முறைகேடு என்றனர் ஆங்கிலேயர். இரு நாட்டாரும் தத்தம் நாட்டு வழக்கையே அளவுகோலாகக் கொண்டமையால் அவ்வழக்கு என்றுமே தீரவில்லை.

லண்டனில் இரண்டரை மணி, பட்டியாலாவில் ஒரு நிமிஷம்

நம் தேசத்தார் நெஞ்சு நிமிரக் கேட்கத்தக்க சரித்திரம் காமா பயில்வானுடையது. குலாம் முகம்மது என்பது அவர் இயற்பெயர். அவர் 1910-ம் வருஷம் தம் சகோதரர் இமாம் பக்ஷுடன் லண்டன் சென்றார். எவர் வரினும் குறித்த நேரத்துக்குள் வீழ்த்துவேன் என்று அறைகூவினார். பெஞ்சமின் ரோலர் என்னும் அமெரிக்கரை எளிதில் வென்றபின், போலந்து தேசத்தவரான ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ என்னும் பெருமல்லரை செப்டம்பர் மாதம் 10-ம் தேதி எதிர்த்தார்.

தொடங்கிய சிறிது நேரத்தில் காமா அவரைக் கீழே கொணர்ந்துவிட்டார். ஸ்பிஸ்கோவோ அதன்பின் விரிப்பின்மேல் குப்புறப் படுத்து, கைகால்களைப் பரப்பி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அசையாது கிடந்தார். மேனாட்டு முறையில் இரு தோளும் தரையிற் படுமாறு மல்லாத்தினாலன்றித் தோல்வியில்லை. படுத்துக் கிடத்தற்கும் தடையில்லை. ஆதலால் முடிவின்றிப் பந்தயம் நின்றது. மறுபடி பொருதற்குக் குறித்த 17-ம் தேதியன்று ஸ்பிஸ்கோ வரவேயில்லை. வெற்றிக் கச்சை காமாவுக்கே அளிக்கப்பட்டது.

அதே இருவரும் 1928-ம் வருஷம் ஜனவரி மாதம் பட்டியாலா சமஸ்தானத்தில் மீண்டும் எதிர்ப்பட்டனர். அங்கே விரிப்பு இல்லை. நம் நாட்டு முறைப்படி மண்ணைக் கொத்தி மிருதுவாக்கிய கோதா. அன்று ஒரு நிமிஷங்கூட ஆகுமுன்னே காமா அவரை வீழ்த்திவிட்டார். ஆட்கள் அவர்களே, இருவருக்கும் வயது ஐம்பதை அடுத்திருந்தது. மாறியவை இடமும் முறையுமே. இரண்டரை மணி நேரத்துக்கும் ஒரு நிமிஷத்துக்கும் உள்ள வேற்றுமையில் நிபந்தனையின் பங்கு எவ்வளவு என்பதை அன்பர்களே சீர்தூக்கிக் கொள்ளலாம்.

தோற்றவர் அளித்த கௌரவம்

ஜப்பான் தேசத்து ஜூடோ வீரர் மிட்ஸுயோ மாயிடா என்பவர் பல நாடுகள் சென்று மல்லரோடும் முஷ்டியரோடும் பொருது, 1914-ல் பிரேஸில் தேசம் அடைந்து, பின்னர் பெலெம் நகரில் தங்கினார். அவரிடம் பயின்ற கார்லோஸ் க்ரேஸி என்பவர் வாயிலாக அவ்வித்தை க்ரேஸி குடும்பத்தாரின் குலவித்தையாயிற்று. கார்லோஸின் இளவல் ஹீலியோ என்பவர் 1951-ம் வருஷம் அக்டோபர் மாதம் 23-ம் தேதி ரியோ டி ஜனீரோ நகரத்து மராக்கனா மைதானத்தில் ஜப்பானியப் பெருவீரர் மாஸாஹிக்கோ கிமூராவை எதிர்த்தார். எறிந்து வீழ்த்தினாலும், அமுக்கிப் பிடித்தாலும் வெற்றியாகாது; ஒருவர் பணியவேண்டும் அல்லது மூர்ச்சையடையவேண்டும் என்பது நிபந்தனை. இஃது ஜூடோ வீரரின் பெரும் ஆயுதமாகிய எறிதலைப் பயனற்றதாக்கிற்று.

ஆயினும் கிமூரா மனம் தளரவில்லை. இரண்டாம் சுற்றில் ஹீலியோவின் கையைப் பின்புறம் முறுக்கிப் பூட்டுப் போட்டார். கை முறிந்தது, ஹீலியோ பணியவில்லை. கண்டு பொறாத தமையனார் கார்லோஸே துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டார். க்ரேஸி குடும்பத்தார் அப்பூட்டுக்குக் கிமூரா என்றே பெயரிட்டு வழங்கினர். இன்று உலகெங்கும் அஃது அப்பெயராலேயே வழங்குகிறது. தம்மை வென்றவர் பெயரைத் தம் வித்தைக்குள் நிலைநிறுத்திய இப்பெருந்தன்மை எத்துணை அரியது!

சட்டை அணிந்த முஷ்டியர்

1963-ம் வருஷத்தில் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் ஜிம் பெக் என்பவர், எந்த முஷ்டியுத்த வீரனும் எந்த ஜூடோக்காரனையும் வெல்வான் என்று இகழ்ந்தெழுதி, மறுப்பார்க்கு 1,000 டாலர் பந்தயம் கூறினார். ஜீன் லபெல் என்னும் ஜூடோ வீரர் அதனை ஏற்றார். அவருடைய தாயாரே லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரில் முஷ்டியுத்தப் பந்தயங்கள் நடத்திப் பெயர்பெற்றவர் என்பது ஒரு விசித்திரம். டிஸம்பர் மாதம் 2-ம் தேதி ஸால்ட் லேக் நகரில் மைலோ ஸாவேஜ் என்னும் தேர்ந்த முஷ்டியர் அவர்முன் நிறுத்தப்பட்டார். உதைத்தல் கூடாது என்பது முஷ்டியருக்கு அனுகூலமான நிபந்தனை. இருவரும் ஜூடோச் சட்டை போன்ற உடை அணியவேண்டும் என்பது ஜூடோக்காரருக்கு அனுகூலமானது. நான்காம் சுற்றில் லபெல், ஸாவேஜைக் கீழே வீழ்த்திக் கழுத்தை இறுக்கி மூர்ச்சையாக்கினார். பார்த்திருந்த ஜனங்கள் சினந்து கூச்சலிட்டனர். இந்த லபெல்லின் பெயரை அன்பர்கள் நினைவில் வைக்கவேண்டும். பதின்மூன்று வருஷங்களுக்குப் பின் வேறொரு கோதாவில் அவரைக் காண்போம்.

டோக்கியோவும் லாகூரும்

1976-ம் வருஷம் ஜூன் மாதம் 26-ம் தேதி டோக்கியோ நகரத்து நிப்பான் புடோக்கான் மண்டபத்தில், உலகப் பெரும்பட்டம் தாங்கிய முகம்மது அலியும் ஜப்பானிய மல்லர் அண்டோனியோ இனோக்கியும் எதிர்நின்றனர். நடுநின்ற மத்தியஸ்தர் மேற்கூறிய ஜீன் லபெல்லே. நிபந்தனைகளைப் பற்றி இரு பக்கத்தாருக்கும் பந்தய நாள் அணுகும்வரை வாதம் நடந்தது. முடிவில், மல்லருக்குரிய எறிகளும் பிடிகளும் பல தடுக்கப்பட்டன. ஆகவே இனோக்கி தரையில் படுத்தும் சரிந்தும் அலியின் கால்களை உதைத்துக்கொண்டேயிருந்தார். படுத்தவரைக் குத்த அலிக்கு வழியில்லை. பதினைந்து சுற்றுக்களில் அலி குத்திய குத்துக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. முடிவு சமம் என்று கூறப்பட்டது. பணம் கொடுத்து வந்த ஜனங்கள் கையிற் கிடைத்ததை வீசி இரைந்தனர். அலியின் கால்கள் வீங்கி இரத்தம் கட்டிப்போய், அவர் வைத்தியசாலையில் சேர நேர்ந்தது. எழுதிய விதி ஒருவர் கையைக் கட்டிற்று, அதனால் மற்றவர் காலும் கெட்டது, கண்டவர்க்கும் இன்பமில்லை.

இனோக்கி அவ்வருஷமே டிஸம்பர் மாதம் கராச்சி நகரம் சென்று அக்ரம் பயில்வானை எதிர்த்து, அவர் கையை ஊனப்படுத்தி வென்றார். அக்ரம் யார் எனின், காமாவின் சகோதரர் இமாம் பக்ஷின் புதல்வர்! அக்குடும்பத்து இளைஞராகிய ஜுபைர் ஜாரா, 1979-ம் வருஷம் ஜூன் மாதம் லாகூரில் இனோக்கியை எதிர்த்தார். ஐந்து சுற்றுக்களும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. அப்போது இனோக்கி தாமே அவ்விளைஞரின் கையைப் பற்றி உயர்த்திக் காட்டினார் என்பர். விதியில் இல்லாத அச்செயலே அன்றைய ஜனங்களின் மனத்தைக் குளிர்வித்தது. அலியோடும் இனோக்கிக்குப் பகை நிற்கவில்லை. 1995-ல் வட கொரியாவின் பியோங்யாங் நகரில் நடந்த விழாவுக்கு இருவரும் நண்பராய்ச் சென்றனர்.

விதியில்லை என்பதும் ஒரு விதியே

1993-ம் வருஷம் நவம்பர் மாதம் 12-ம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில், பல வித்தையாரையும் ஒரே கோதாவில் விடும் பந்தயம் ஒன்று நடந்தது. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் ஒழிய ஏறக்குறைய யாதும் தடையில்லை என்றனர். ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கரின் பங்க்ராத்தியம் என்னும் போரிலும் தடுக்கப்பட்டவை இவ்விரண்டே என்பது வியப்பாகும். கி.மு. 564-ல் அப்போரில் ஆரிக்கியோன் என்பவன் கழுத்து இறுக்கப்பட்ட நிலையிலே எதிரியின் கால்விரலை முறிக்க, எதிரி வலி தாங்காது பணிந்தான். அதே கணத்தில் ஆரிக்கியோன் உயிர் நீங்கிற்று. வெற்றி மாலை பிணத்துக்குச் சூட்டப்பட்டது.

டென்வரில் ஆர்ட் ஜிம்மர்ஸன் என்னும் முஷ்டியர் ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்து வந்து, இரண்டரை நிமிஷம் ஆகுமுன்னரே தரையில் அகப்பட்டுப் பணிந்தார். அவரை வென்று, அன்றைய பந்தயம் முழுவதையும் வென்றவர் ராய்ஸ் க்ரேஸி, ஹீலியோவின் புதல்வர். பந்தயத்தை ஏற்படுத்தியோருள் ஒருவர் அவர் தமையனார் ரோரியன். ராய்ஸின் திறமையைக் குறைத்துக் கூறுவது நம் கருத்தன்று. புள்ளி கணக்கிடுவோர் இல்லாமையும், நிறைப்பகுப்பு இல்லாமையும், தரையில் வீழ்ந்து பொருதற்குத் தடையில்லாமையும் எந்த வித்தைக்கு ஏற்றவை என்பதே கேள்வி. பின்னர் 2000, 2001-ம் வருஷங்களில் நியூ ஜெர்ஸி மாகாணத்து அதிகாரிகள் முன்னின்று, நிறைப்பகுப்பும், காலவரையறையும், தடுக்கப்பட்ட செயல்களின் பட்டியலும் அடங்கிய பொது விதிகளை வகுத்தனர். அதன் பின்னரே இவ்வித்தை எல்லாரும் ஒப்பும் விளையாட்டாயிற்று.

எழுதப்படாத கொடிய விதி

இதுகாறும் எழுதிய விதிகளைப் பற்றிச் சொன்னோம். எந்த ஏட்டிலும் எழுதாமலே எல்லாரும் கைக்கொண்ட ஒரு விதியைக் கூறாது இக்கட்டுரையை முடித்தல் தகாது. அது பிறப்பை நோக்கிக் கதவடைக்கும் விதி.

பீட்டர் ஜாக்ஸன் என்னும் கறுப்பு நிறத்தவர் ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, முஷ்டியுத்தத்தில் ஒப்பற்று விளங்கினார். 1891-ம் வருஷம் மே மாதம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஜேம்ஸ் கார்பெட் என்பவரோடு 61 சுற்றுக்கள் பொருதார், முடிவு ஏற்படவில்லை. அந்தக் கார்பெட் மறுவருஷம் ஸல்லிவனை வென்று பெரும்பட்டம் பெற்றார். ஜாக்ஸனுக்கோ பட்டத்துக்காகப் பொரும் வாய்ப்பே கிடைக்கவில்லை. கறுப்பரோடு பொருவதில்லை என்று ஸல்லிவன் வெளிப்படையாகவே கூறியிருந்தார். குவீன்ஸ்பெரி விதிகள் பன்னிரண்டினும் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்தும் பதின்மூன்றாம் விதி ஒன்று எல்லார் மனத்திலும் இருந்தது.

அதனை முதலில் உடைத்தவர் ஜாக் ஜான்ஸன். பட்டம் தாங்கிய டாமி பர்ன்ஸ் என்பவரை நாடு நாடாகத் தொடர்ந்து சென்று, 1908-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 26-ம் தேதி ஸிட்னி நகரில் வென்றார். அது பொறாத வெள்ளையர், ஓய்வு பெற்றிருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ் என்பவரை அழைத்து வந்தனர். 1910-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ம் தேதி ரீனோ நகரில் அவரும் 15-ம் சுற்றில் தோற்றார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பர் தாக்கப்பட்டனர், உயிர்கள் போயின. 1915-ல் ஜான்ஸன் பட்டத்தை இழந்த பின், 1937-ல் ஜோ லூயிஸ் வெல்லும் வரை 22 வருஷம் வேறெந்தக் கறுப்பருக்கும் அப்பட்டத்துக்குப் பொரும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே! முஷ்டி பெரிதா, பிடி பெரிதா என்னும் வினாவுக்கு இச்சரித்திரம் தரும் விடை, எந்த விதியின்கீழ் என்று முதலில் கேள் என்பதே. நமக்கு இதிலிருந்து மூன்று கடமைகள் உண்டு. விதிகள் எழுதப்படும் கூட்டத்துக்கு வாராது வீட்டிலிருந்துவிட்டு, பின்னர் மெண்டோஸாவின் சார்பினரைப் போல முறையிடுதலால் பயனில்லை. ஆகவே பொதுக்கூட்டங்களுக்குத் தவறாது வருதல் ஒன்று. விதி எழுதும் உரிமை நம் கையில் வரும்போது, எதிர்நிற்பவரும் நியாயமென்று ஒப்பும்படி எழுதுதல் இரண்டு. ஏட்டில் எழுதாது மனத்தில் எழுதிவைத்த பதின்மூன்றாம் விதி நம்மிடமும் உண்டா என்று ஆராய்ந்து, உண்டாயின் அதனைக் களைதல் மூன்று.

பிறர் நம்மைப் பிறப்பால் இகழ்ந்து கதவடைத்தபோது நாம் நொந்தோம்; சங்கமும் கண்டோம். அந்நோவை அறிந்த நாம் பிறர்க்குக் கதவடைத்தல் எவ்வாற்றானும் பொருந்தாது. நம் வாலிபர் உடலை வளர்க்கட்டும், வித்தை பயிலட்டும், வெல்லட்டும். தோற்பினும், வென்றவர் பெயரைத் தம் வித்தைக்குச் சூட்டிய க்ரேஸி குடும்பத்தாரையும், இளைஞன் கையைத் தாமே உயர்த்திய இனோக்கியையும் நினைவிற் கொள்ளட்டும். பெற்றோரும் இச்செய்திகளைத் தம் மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறோம்.